வீட்டின் மேல் கோடு விழுந்தால்: மும்பை வளர்ச்சித் திட்டத்துக்கு ஆட்சேபணை எழுத முழுமையான வழிகாட்டி

2015 பிப்ரவரியில் மும்பையின் புதிய வளர்ச்சித் திட்ட வரைவு (எங்கே சாலை, எங்கே பூங்கா, எங்கே வீடு என்று நகரத்துக்கே கோடு போடும் திட்டம்) வெளியானபோது எங்கள் சாலியில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரே கலவரம். காம்பவுண்டின் தெற்கு மூலையில், குழாயடிக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே, வரைபடத்தில் ஒரு சாலைக் கோடு போனது. அன்று ராத்திரியே கடிதம் தயார். இருநூறு ஜெராக்ஸ் எடுத்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: நாங்கள் ஐம்பது வருடமாக இங்கே குடியிருக்கிறோம், எங்களுக்கு இந்த ரோடு வேண்டாம்.

நகரம் முழுவதும் இருந்து 60,000க்கும் மேற்பட்ட ஆட்சேபணைகள் குவிந்தன. ஏப்ரலில் மாநில அரசே அந்த வரைவைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டது. 2016 மே மாதம் திருத்திய வரைவு வந்தது. எங்கள் கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது, போகவில்லை. இந்த முறை மாட்டுங்காவில் இருந்த ஒரு ரிட்டயர்டு டிராஃப்ட்ஸ்மேன் மாமாவிடம் பழைய கடிதத்தைக் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ரோடு வேண்டாங்கறேள், சரி. அப்போ அது எங்கே போகணும்?"

எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கீழே நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பதிலைத் தயார் செய்யும் வேலைதான்.

முதலில், வந்திருப்பது என்ன நோட்டீஸ்?

மகாராஷ்டிராவில் நிலப் பயன்பாட்டுத் திட்டங்கள் எல்லாம் 1966-ஆம் ஆண்டின் பிராந்திய, நகரத் திட்டச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆபீஸ்களில் எம்.ஆர்.டி.பி. ஆக்ட் என்பார்கள். நோட்டீஸில் எந்தப் பிரிவு எண் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

பிரிவு 26 என்றால் நகரத்துக்கே புதிய திட்டம். இது இருபது வருடத்துக்கு ஒரு முறை வருவது. 2015, 2016 இரண்டு தடவையும் மும்பைக்கு 60 நாள் கொடுத்தார்கள். இப்போது அமலில் இருக்கும் திட்டம் 2034 வரைக்குமானது. அரசு 2018 மே மாதம் ஒப்புதல் தந்து, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பிரிவு 37 என்றால் அமலில் இருக்கும் திட்டத்தில் ஒரு சிறு மாற்றம். ஒரு இடத்தை மைதானத்துக்கென்று குறித்துவைத்த ஒதுக்கீட்டை நீக்குவது, ஒரு சாலையை அகலமாக்குவது, தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்பாக மாற்றுவது இப்படி. இதற்கு ஒரு மாதம்தான். 2034 வரை நம் தெருவுக்கு வரப்போவது பெரும்பாலும் இந்த 37-தான். சத்தமில்லாமல் வரும். மராத்திப் பேப்பரில் டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே ஒரு மூலையில் இருக்கும். மாற்றத்தால் பாதிக்கப்படுகிறவர்களுக்குத் தனி நோட்டீஸ் தர வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உங்களுக்கு நோட்டீஸ் வரவில்லையென்றால் அதையே ஆட்சேபணையின் முதல் பத்தியாக எழுதலாம்.

சில மராத்திச் சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். விகாஸ் ஆராக்கடா என்றால் வளர்ச்சித் திட்டம். ஆரக்ஷண் என்றால் ஒதுக்கீடு. ஃபேர்பதல் என்றால் மாற்றம். ஹர்கதி வ சூச்னா என்றால் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும். சுனாவணி என்றால் நேரில் கேட்பது. ஐந்து சொல் தெரிந்தால் அந்தப் பேப்பர் மூலையைத் தவறவிட மாட்டீர்கள்.

யாரிடம் கொடுப்பது?

மும்பை முழுக்க முனிசிபாலிட்டிதான் என்று நினைத்துத் தவறான கதவைத் தட்டுகிறவர்கள் நிறைய. தாராவிக்குத் தனித் திட்ட ஆணையம், தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தின் கையில். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ.வின் கையில். ஜோபட்பட்டி (குடிசைப் பகுதி) மறுவாழ்வுத் திட்டங்களுக்குக் குடிசை மறுவாழ்வு ஆணையமான எஸ்.ஆர்.ஏ. மாநில வீட்டு வசதி வாரியமான மாடாவின் காலனிகளுக்கு 2018 முதல் மாடாவே. நோட்டீஸின் அடியில் யார் கையெழுத்து, எந்த முகவரி என்று இருக்கிறதோ அங்கேதான் கொடுக்க வேண்டும். வேறு இடத்தில் கொடுத்து, அவர்கள் அனுப்பிவைப்பார்கள் என்று காத்திருந்தால் நாள் போய்விடும்.

வரைபடத்தைப் படிப்பது

இதற்குப் பாதி நேரத்தை ஒதுக்குங்கள். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான்.

முதலில் உங்கள் நிலத்தின் எண். மாட்டுங்கா, சயான், வடாலா போன்ற தீவு நகரப் பகுதியில் டிவிஷன் பெயரும் சி.எஸ். எண்ணும் (நில அளவை எண்). செம்பூர், குர்லா, முலுண்டு போன்ற புறநகரில் கிராமத்தின் பெயரும் சி.டி.எஸ். எண்ணும். ஆமாம், கிராமம்தான். செம்பூர் எவ்வளவு வளர்ந்தாலும் நில ஆவணத்தில் இன்றைக்கும் கிராமமே. பிராப்பர்ட்டி கார்டு என்ற நில உரிமை ஆவணத்தில் எண் இருக்கும். சொசைட்டி செயலாளரிடம் இல்லையென்றால் அரசின் நில ஆவண இணையதளத்தில் எடுக்கலாம்.

எண் கிடைத்ததும் டிபி ரிமார்க் எடுங்கள். முனிசிபாலிட்டியின் இணையதளத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலம் எந்த மண்டலம், அதன்மேல் என்ன ஒதுக்கீடு, எந்தச் சாலை தொடுகிறது என்பதை எழுத்தில் தரும் தாள் இது. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான வரைபடப் படத்தை நம்பி யாரும் ஆட்சேபணை எழுத வேண்டாம்.

அப்புறம் வரைபடம். எழுத்து ஆர்-இல் தொடங்கும் குறியீடு ஒதுக்கீடு, அதாவது இனிமேல் இந்த இடம் இதற்காக எடுக்கப்படும் என்ற எண்ணம். ஏற்கெனவே பள்ளியாகவோ பூங்காவாகவோ இருக்கும் இடத்துக்கு வேறு குறியீடு. சாலையின் அகலம் மீட்டரில் இருக்கும்: 9.15, 12.20, 13.40, 18.30 என்று. இந்த விசித்திரமான எண்கள் எல்லாம் பழைய 30, 40, 44, 60 அடிகள்.

இனி ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஜூன் மாத மழை, குடை பிடிக்க இரண்டு பையன்கள், டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க மாடி வீட்டு அக்கா. வரைபடத்தில் மாறாத இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொண்டோம்: நாலாவின் (கழிவுநீர், மழைநீர்க் கால்வாயின்) சுவர், பிரதான சாலையின் ஓரம். அங்கிருந்து அளந்து, கோடு தரையில் எங்கே விழும் என்று சுண்ணாம்பால் குறித்தோம். அப்போதுதான் தெரிந்தது, கோயிலுக்கு ஆபத்து என்று நாங்கள் கூச்சல் போட்டது சரியில்லை என்று. கர்ப்பக்கிருகத்துக்கு ஒரு மீட்டர் தள்ளித்தான் கோடு போனது. உண்மையில் அடிபடுவது தண்ணீர்த் தொட்டியும், பம்ப் அறையும், பால்வாடியின் பின்சுவரும். ஒரு வருடமாகக் கோயில் கோயில் என்று பேசினோம். தொட்டி போனால் 64 வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஆதாரம் சேர்ப்பது

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காகிதம். பிராப்பர்ட்டி கார்டு, டிபி ரிமார்க், தேதி தெரியும் புகைப்படங்கள், அளந்த குறிப்பு, வரைபடப் பகுதியின் பிரதி. பிரதியின் மேல் சிவப்புப் பேனாவில் இப்போதைய கோடு, பச்சையில் நீங்கள் கேட்கும் கோடு. இந்த ஒரு தாள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசும்.

ஜோபட்பட்டியில் இருக்கிறவர்கள், நிலம் நம் பேரில் இல்லையே, நாம் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். எழுத்து மூலம் சொல்லும் எவருடைய ஆட்சேபணையையும் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. உரிமையாளர் மட்டும் என்று இல்லை. வாக்காளர் பட்டியல், போட்டோபாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு தந்த அடையாள அட்டை), கரண்ட் பில், குழந்தையின் பள்ளிச் சான்று எது இருந்தாலும் இணையுங்கள். 1-1-2000-க்கு முன்னால் இருந்ததற்கான காகிதம் மறுவாழ்வு உரிமைக்கும் தேவைப்படும் என்பதால் அதன் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பிரதி போதும்.

எழுதுவது

இருநூறு பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அது இருநூறு எதிர்ப்பு என்று நினைக்கிறோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரே மாதிரிக் கடிதங்களைச் சேர்த்து ஒரு விஷயமாகத்தான் பார்ப்பார்கள், அப்படித்தான் பார்க்க முடியும். 2016 வரைவுக்கு மட்டும் 80,000க்கும் மேல் வந்தது. ஆகவே சொசைட்டி சார்பில் முழு ஆதாரத்தோடு ஒன்று. அதோடு தனித்தனிப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் தங்கள் வார்த்தையில் ஒன்று. பால்வாடி டீச்சர் பால்வாடியைப் பற்றி, கடைக்காரர் கடையைப் பற்றி, வீல்சேர் தாத்தா வழியைப் பற்றி.

எங்கள் கடிதத்தின் சட்டகம் இதுதான். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்:

பொருள்: வரைவுத் திட்டம், இன்ன வார்டு, இன்ன டிவிஷன், சி.எஸ். எண் இன்னது. இதன்மேல் காட்டப்பட்ட 13.40 மீட்டர் சாலை குறித்த ஆட்சேபணையும் ஆலோசனையும்.

1. நாங்கள் யார்: சொசைட்டியின் பெயர், பதிவு எண், எத்தனை குடும்பம்.
2. வரைவில் உள்ளது: சாலை எங்கிருந்து எங்கே, அகலம், எங்கள் நிலத்தில் எத்தனை சதுர மீட்டர்.
3. தரையில் உள்ளது: தண்ணீர்த் தொட்டி, பம்ப் அறை, பால்வாடிச் சுவர். அளவுகளும் புகைப்பட எண்களும்.
4. விளைவு: தொட்டி போனால் 64 குடும்பத்துக்குத் தண்ணீர் வராது, தொட்டிக்கு வேறு இடம் காம்பவுண்டில் இல்லை.
5. நாங்கள் கேட்பது: சாலையின் நடுக்கோட்டை நாலாப் பக்கமாக 4 மீட்டர் நகர்த்த வேண்டும், இணைத்த வரைபடத்தில் பச்சைக் கோடு. அகலமும் இரு முனையும் மாறாது.
6. நேரில் கேட்க வேண்டும் என்ற விண்ணப்பம்.

ஐந்தாவது பத்தி இல்லாத கடிதம் வெறும் வருத்தம். ஆறாவது பத்தியை மறக்கவே கூடாது, நேரில் பேச விரும்புவதாக எழுதுங்கள்.

என்ன எழுதக்கூடாது? பில்டர் லாபிக்காகச் செய்தார்கள் என்று ஆதாரமில்லாமல் எழுத வேண்டாம். பக்கத்து பஸ்தியின் (குடியிருப்பின்) மேல் கோட்டைத் தள்ளச் சொல்ல வேண்டாம். அவர்களும் நம்மைப் போலத்தான், அதோடு அவர்களும் எழுதுவார்கள். நாங்கள் நாலாப் பக்கம் கேட்டதற்கு முன் அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்து பேசினோம். மூன்று கடைகளின் முன்படிகள் போகும் என்று சொன்னோம். அதில் ஒருவர் உத்தரப் பிரதேசத்து பையா. படிதானே, தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும் என்று சொல்லி அவரும் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு இருந்த எடை எங்கள் 64 கையெழுத்துக்கும் இல்லை.

மொழி: மராத்தியில் எழுதுங்கள். தமிழில் யோசித்து எழுதி, மராத்தி மீடியத்தில் படித்த நம் பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் கடிதத்தை எழுதியது கல்லூரியில் முதல் வருடம் படித்த பெண். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் அவளைத் தமிழில் திரும்பச் சொல்லவைத்துத்தான் கையெழுத்திட்டார்கள். புரியாத தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். நேரில் கேட்கும் அன்று அதே பெரியவரிடம் கேள்வி வரும்.

கொடுப்பது

கடைசி நாளில் கூட்டம் தாங்காது. ஒரு வாரம் முன்னதாகவே கொடுங்கள். மூன்று பிரதி: ஒன்று அவர்களுக்கு, ஒன்றில் முத்திரையும் தேதியும் இன்வர்டு நம்பரும் (அந்த ஆபீஸின் வரவுப் பதிவு எண்) வாங்கி உங்களுக்கு, ஒன்று வீட்டில் பத்திரமாக. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுங்கள், இணைப்புகள் பிரிந்தாலும் சேர்க்க முடியும். ஈமெயிலிலும் அனுப்பலாம் என்று நோட்டீஸ் சொன்னால் அனுப்புங்கள், ஆனால் முத்திரை வாங்கிய தாள் கையில் இருக்கட்டும்.

நல்ல ஒதுக்கீட்டை ஆதரித்தும் எழுதுங்கள்

இதை யாருமே செய்வதில்லை, எனக்கு மிகுந்த வருத்தம் இதில்தான். உங்கள் தெருமுனை காலி மனையை விளையாட்டு மைதானத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லது என்று நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். மனையின் உரிமையாளர் வக்கீல் வைத்து, ஒதுக்கீட்டை நீக்கச் சொல்லி எழுதுகிறார். குழுவின் முன்னால் நீக்கு என்று ஒரு குரல், வை என்று சொல்ல ஒரு குரலும் இல்லை. அந்த நோட்டீஸ் ஆலோசனைகளையும்தான் கேட்கிறது. இந்த ஒதுக்கீடு வேண்டும், சுற்றிலும் இத்தனை பள்ளிகள், விளையாட வேறு இடமில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் தானாக முளைக்கவில்லை. 1896-இல் பிளேக் வந்து நகரம் செத்து மடிந்த பிறகு, 1898-இல் அமைத்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா திட்டத்தில் தெருவையும் மனையையும் வரைந்தபோதே தோட்டத்தையும் வரைந்து வைத்தது. நம் தாத்தாக்கள் சாயங்காலம் காற்று வாங்கியது அந்தக் கோட்டுக்குள்தான்.

சுனாவணி

எங்களைக் கூப்பிட்டது சில மாதம் கழித்து. பிரிவு 28-இன் கீழ் ஒரு திட்டக் குழு அமையும். மாநகராட்சியின் ஸ்டாண்டிங் கமிட்டி (நிலைக்குழு) உறுப்பினர்கள் மூன்று பேரும், வெளியிலிருந்து நியமிக்கப்படும் நிபுணர்களும் அதில் இருப்பார்கள். வார்டு வாரியாகக் கூப்பிடுகிறார்கள், வெளியே நெடுநேரம் காத்திருக்க வேண்டும், உள்ளே கிடைப்பது சில நிமிடம். தண்ணீர் பாட்டிலும் முத்திரையிட்ட பிரதியும் கையில் இருக்கட்டும். முப்பது பேர் போகலாம், பேசுவது இருவர் மட்டும்.

நாங்கள் ஒத்திகை பார்த்தோம். கடிகாரம் வைத்து, மூன்று நிமிடத்தில் முடிக்கும் வரை. முதல் வாக்கியம் நிலத்தின் எண், இரண்டாவது வாக்கியம் நாம் கேட்பது. அழுகையும் வரலாறும் வேண்டாம். உள்ளே போனதும் எங்கள் ஆள் வரைபடப் பிரதியை மேஜையில் விரித்து வைத்தார். நடுவில் இருந்த அதிகாரி சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பக்கத்தில் யாருக்குப் பாதிப்பு?" மூன்று கடை, அவர்கள் சம்மதம் ஏழாவது பக்கத்தில் என்றோம். பக்கத்தைப் புரட்டினார். ஓரத்தில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம்.

வெளியே வந்த உடனே யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம் என்று தேதி போட்டு எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஃபைலில் வையுங்கள். மறுநாள் அதை ஒரு பக்கக் கடிதமாக அந்த ஆபீஸிலும் இன்வர்டு செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் முடியவில்லை

குழு அறிக்கை தரும், மாநகராட்சி தீர்மானம் போடும், திட்டம் அரசுக்குப் போகும். அரசு சில மாற்றங்களோடு ஒப்புதல் தரும். அவை எஸ்.எம்., அதாவது ஒப்புதல் பெற்ற மாற்றம் என்று பட்டியலில் வரும். பெரிய மாற்றம் என்றால் அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்துவைத்து, மறுபடி ஆட்சேபணை கேட்கும். அது இ.பி., அதாவது விலக்கிவைத்த பகுதி. பலர் முதல் சுற்றில் வென்றுவிட்டோம் என்று படுத்துவிடுகிறார்கள். அவர்கள் மைதானம் இ.பி. பட்டியலில் திரும்ப வருகிறது, பார்க்க ஆளில்லை. பட்டியலில் உங்கள் எண்ணைத் தேடுங்கள். இதற்கும் கெடு நாள் உண்டு. கேட்பது அரசு நியமிக்கும் அதிகாரி.

வரைவு வெறும் காகிதம் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பிரிவு 46-இன்படி, வரைவு வெளியான நாளிலிருந்தே கட்டட அனுமதி தரும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் மறுகட்டுமானம் அந்தக் கோட்டுக்காகக் காத்துக் கிடக்கலாம்.

அதே நேரம், ஒதுக்கீடு வந்ததும் நாளை புல்டோசர் வரும் என்று பயப்படவும் வேண்டாம். நிலத்தை எடுக்கப் பிரிவு 126-இன்படி பேசி வாங்க வேண்டும், அல்லது டி.டி.ஆர். (நிலத்துக்கு ஈடாக வேறு இடத்தில் கட்டும் உரிமை) தர வேண்டும், அல்லது நில எடுப்புச் சட்டப்படி போக வேண்டும். பத்து வருடம் எதுவும் நடக்கவில்லையென்றால் உரிமையாளர் பிரிவு 127-இன் கீழ் நோட்டீஸ் தரலாம். அதற்குப் பின் 24 மாதத்துக்குள் எடுக்கும் நடவடிக்கை தொடங்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகும். பயமுறுத்தி வீட்டைக் குறைந்த விலைக்கு எழுதி வாங்க வரும் ஏஜெண்டுகளிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தின் மேல் என்ன முடிவு எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால், இன்வர்டு நம்பரைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். கோர்ட் கடைசி வழி. சாலை எங்கே போக வேண்டும் என்று நீதிபதிகள் வரைந்து தர மாட்டார்கள். நோட்டீஸ் தரவில்லை, நேரில் கேட்கவில்லை என்றால் கேட்பார்கள். முத்திரை வாங்கிய பிரதி அங்கேதான் உதவும்.

எங்கள் சாலை நகர்ந்தது. நாங்கள் கேட்ட 4 மீட்டர் இல்லை, ஏறக்குறைய மூன்று. தொட்டியும் பம்ப் அறையும் தப்பின, பால்வாடியின் பின்சுவர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. அந்தச் சுவருக்காகத் தனி ஃபைல் ஒன்று போட்டிருக்கிறோம். இப்போது மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக் கூட்டத்தில் ஐந்து நிமிடம், எங்கள் கடிதத்தை மராத்தியில் எழுதிய அந்தப் பெண் பழைய பேப்பர்களையும் முனிசிபாலிட்டியின் இணையதளத்தையும் பார்த்து, எங்கள் வார்டில் 37 ஏதாவது வந்திருக்கிறதா என்று படித்துச் சொல்கிறாள். போன மாதம் ஒன்று இருந்தது. மூன்று தெரு தள்ளி ஒரு பூங்கா ஒதுக்கீட்டைச் சுருக்குகிறார்களாம். கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, டேப்பை எடுத்துவைத்தாயிற்று.